பரணில் ஏறிய பை

என் தங்கையின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் எழுதும்படி வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுகிறேன். நான் செய்த ஒன்றையும் இதில் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் இந்தக் காகிதம் வீண்.

தங்கை பிறந்தது காடாம்புலியூரில். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். முந்திரி பூக்கும் காலம் வந்தால் அவருக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும், உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். என்னைக் கல்லூரி வரை படிக்கவைத்த அப்பா, இழுப்பைக் காரணம் காட்டி அவரை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டார். மகள் செல்வி பள்ளிக்கூடம் போகும் முன்பே மாப்பிள்ளை இறந்துபோனார். ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு மகளைப் பட்டப்படிப்பு வரை கொண்டுவந்தார். உதவி கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை, என் வாசல் உட்பட.

2004 சுனாமியின்போது நான் கடலூரில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். எங்கள் வகுப்பறைகளில் மீனவக் குடும்பங்கள் தங்கியிருந்தன. தங்கை சோறு கட்டிக்கொண்டு வந்து பரிமாறினார். அங்கு வந்த மருத்துவர்கள், வழக்கமாக என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். வீட்டோடு மருந்துச்சீட்டையும் கடலில் இழந்தவர்கள், “வெள்ளை மாத்திரை” என்று மட்டும் சொன்னார்கள். திரும்பிப் போகப் பேருந்துக்கு நின்றபோது தங்கை என்னிடம் கேட்டார்:

“என்னாண்ணே, எல்லாரும் வெள்ள மாத்திரைங்கறாங்க. எந்த மாத்திர கறுப்பா இருக்குது?”

அடுத்த வாரமே அந்தப் பையைத் தைத்தார். தண்ணீர் புகாத பச்சை ரெக்சின். வீட்டில் ஒவ்வொருவருக்கும், அடிக்கடி வந்துபோகும் எனக்கும், ஒரு சீட்டு. ரத்தப் பிரிவு, இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து; ஆகாத மருந்து மட்டும் சிவப்பு மையில். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காய்ச்சல் பார்க்கும் கருவி, டார்ச் லைட். 108 வந்த பிறகு அந்த எண்ணைப் பையின் மேலேயே தைத்துவிட்டார். ஐப்பசி மழை தொடங்கும் முன் எல்லாவற்றையும் கொட்டி, தேதி முடிந்த மருந்துகளை எறிந்துவிட்டு, தெருக்கதவின் பின்னால் ஆணியில் மாட்டுவார்.

நான் கேலி செய்தேன். “எதுக்கு இப்படிச் சீக்கை வா வான்னு கூப்பிடுற?”

“அது என்னா சம்பந்தியாண்ணே, பாக்கு வெச்சு அழைச்சாத்தான் வர்றதுக்கு?”

ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டிலேயே எனக்குச் சர்க்கரை குறைந்து வேர்த்து விழுந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர். என் வாயில் சர்க்கரையைத் தடவி, என் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார். நான் பிழைத்தேன்.

சென்ற ஆண்டு ஆவணியில், பெண்ணாடத்திலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான்தான் முன்னின்றேன். கதவின் பின்னால் தொங்கிய பையைப் பார்த்தேன். “இது அவுங்க கண்ணுல பட்டா சீக்கு வீடும்பாங்க. பரம்பரை வியாதிம்பாங்க. இழுப்புங்கற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது” என்றேன்.

தங்கை சிரித்தார். “பையப் பரண்ல போட்டுடலாம்ணே. இழுப்ப எங்க போடறது?”

நானே ஏணி வைத்து ஏறி, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் பையை வைத்தேன். சம்பந்தம் கூடிவந்தது. அவர்கள் வந்துபோய்க்கொண்டு இருந்ததால் பை பரணிலேயே கிடந்தது. அந்த ஐப்பசியில் யாரும் அதை இறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு பகல். கல்யாணத் தேதி பேசச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். இரண்டு நாள் காய்ச்சலோடு சமைத்துக்கொண்டிருந்த தங்கை அடுப்படியில் மயங்கி விழுந்தார். அவர்கள் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நினைவு தெளியவில்லை. ஆனால் அப்போது மூச்சு சீராகத்தான் இருந்தது. மருத்துவர் என்னிடம் கேட்டார்: இழுப்பு உண்டா, சர்க்கரை உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?

சம்பந்தியம்மா என் தோளருகே நின்றிருந்தார்.

“ஒண்ணுமில்லைங்க” என்றேன்.

செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, சொல்லிடலாம் மாமா.”

“சும்மா இரு. அவுங்க நிக்கிறாங்க.”

ஊசியோடு வந்த நர்ஸ் நின்று கேட்டார்: “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். ஊசி எதுவும் அலர்ஜி இல்லையே?”

“நான் அவளுக்குக் கூடப் பொறந்த அண்ணம்மா. எனக்குத் தெரியாதா?”

உடல் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் ஊசி அது; இழுப்பு உள்ள சிலருக்கு ஆகாது. சற்று நேரத்தில் இழுப்பு கண்டது. செல்வி கத்திக்கொண்டு ஓடி உண்மையைச் சொன்னாள். மருத்துவமனையில் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். மூச்சு திரும்பவில்லை. மருத்துவர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் கேட்டார், நான் மறைத்தேன்.

காரியத்துக்கு அண்டாவை இறக்கியபோது பையும் கூடவே விழுந்தது. தங்கையின் சீட்டில் அதே ஊசியின் பெயர் சிவப்பு மையில் இருந்தது. எட்டாம் வகுப்புக் கையெழுத்து, ஓர் எழுத்துப் பிழை இல்லை.

பதினாறாம் நாள் சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்: “நாங்க பொண்ணத்தான அண்ணே பாக்க வந்தோம். அதோட அம்மா மூச்சையா எடை போட வந்தோம்?” செல்வியின் கல்யாணம் வரும் தையில் நடக்கும். மணையருகே தாய்மாமனாக நிற்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று செல்விதான் சொல்ல வேண்டும். அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறோம். தங்கை எழுதிவைத்தது போல உங்கள் வீட்டார் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கதவின் பின்னால் மாட்டுங்கள். விருந்தாளி வந்தாலும் அங்கேயே தொங்கட்டும்.

தங்கள் காரில் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிய சம்பந்தி வீட்டாருக்கும், மழையில் நனைந்துகொண்டே பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், பதினாறு நாளும் செல்வியைத் தனியே விடாத அவள் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. அந்த நர்ஸின் பெயர் எனக்குத் தெரியாது. நான் ஒருமுறை பொய் சொன்ன பிறகும், இன்னொரு முறை கேட்டார். அவருக்கும் நன்றி.