இருட்டறையில் ஒரு மஞ்சள் கோடு

சென்ற வாரம் வீட்டு ஏர்கோன் நின்றுவிட்டது. ஈப்போ வெயிலில் ஏர்கோன் இல்லாமல் காலம் தள்ளிவிடலாம், பேச ஆள் இல்லாமல் தள்ளுவதைவிட அது சுலபம். ஆனாலும் பழுது பார்க்கும் தம்பியை வரச் சொன்னேன். யாராவது வந்தால் நல்லது என்றிருந்ததும் ஒரு காரணம். அவன் வெளிப்பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்கிட் போர்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"எறும்பு பூந்து கூடு கட்டிருச்சு லா, அங்கிள். போர்டு போச்சு. புதுசு போட்டாத்தான் ஓடும்."

புதிய போர்டை அவன் உறையைக் கிழித்து எடுத்தபோது லேசாக ஒரு வார்னிஷ் வாசம் வந்தது. அவனுக்கு எட்டியிருக்காது. எனக்கு எட்டியது. எத்தனையோ வருஷம் அந்த வாசத்தைச் சட்டையிலும் தலைமுடியிலும் சுமந்து திரிந்தவன் நான். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும் என்றால் நம்புவீர்களா?

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவுக்கு வெளியே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கப்பல்களுக்குப் போகும் கருவிகளுக்கான போர்டுகள் அங்கே செய்தோம். உப்புக்காற்றும் ஈரமும் தாக்கினால் செம்புக் கோடுகள் பச்சை பூத்துச் செத்துப்போகும். அதற்காகப் போர்டு முழுவதையும் வார்னிஷில் முக்கி, கொடியில் துணி போடுவதுபோல் வரிசையாகத் தொங்கவிட்டு, சொட்டு வடிந்ததும் சூட்டடுப்பில் உலர்த்துவார்கள். அடுத்த கட்டடத்தில் கறுப்புப் பிசினை ஊற்றி மொத்தமாகவே மூடிவிடுவார்கள். அதில் எங்கள் ஆட்களுக்கு வேலை கிடையாது. அந்தப் பிசினுக்குள் போனது எதுவும் திரும்பி வராது என்று மட்டும் தெரியும்.

என் வேலை இருட்டறையில். கறுப்புத் திரை போட்ட சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு ஊதா விளக்கு. வார்னிஷில் கலந்திருக்கும் ஏதோ ஒன்று அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். பூச்சு இல்லாத இடம் இருட்டாகத் தெரியும். நடுப்பலகையில் இருட்டு தெரிந்தாலும் தப்பு, ஒயர் மாட்டும் முனைகளில் நீலம் தெரிந்தாலும் தப்பு. வெளியே லைனில் பெண்கள் பேசிச் சிரித்து வேலை செய்வது காதில் விழும். நான் நாள் முழுக்க நீலத்தைப் பார்த்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பேன். வேலை முடிந்து நான் போகும் வாடகை அறையிலும் ஒரு நாற்காலிதான்.

முனைகளில் வார்னிஷ் படாமலிருக்க முதலில் அவற்றின்மேல் ரப்பர் பால் பூசுவார்கள். ஆமாம், நம் மரத்துப் பால்தான். அம்மோனியா கலந்து டின்னில் வரும். மூடியைத் திறந்தால் தோட்டத்துப் பால் ஸ்டோர் அப்படியே எழுந்து வந்து நிற்கும். கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில் எங்கம்மா மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்துபோன ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வாடையிலிருந்து தப்பிக்கத்தான் டவுனுக்கு ஓடிவந்தேன். அதுவோ எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

வார்னிஷ் உலர்ந்ததும் அந்த ரப்பர் தோலை உரிப்பவள் விமலா. அவளும் தோட்டத்துப் பெண்தான், ஆயர் தாவார் பக்கம். கையுறை போட்டால் ரப்பர் நுனி பிடிபடாது, வெறும் விரலால்தான் உரிப்பாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. "அண்ணே, தட்டு வருது" என்பாள். சில நாள் தட்டின் ஓரத்தில் ஒரு கச்சான் கடலைப் பொட்டலமும் வரும். அவளுடைய கையையும் குரலையும் வைத்துக்கொண்டே நான் மனசுக்குள் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டேன். அந்த 'அண்ணே'தான் உறுத்தியது. எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுகிறாள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். பொங்கல் முடிந்ததும் பெண் கேட்டுப் போகலாம் என்று அம்மா சேலைகூட எடுத்து வைத்துவிட்டார்.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்த வாரம் முனைகளில் ஒரு புதுக் குற்றம் தெரிந்தது. நீலம் இல்லை. பச்சை கலந்த மஞ்சளாக ஒரு விரல் நுனித் தடம். அந்த நிறம் எனக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் கறி பிசைந்து சாப்பிட்டுவிட்டு விளக்கின் கீழே கையை வைத்தபோது என் விரல்களே அப்படி ஒளிர்ந்திருக்கின்றன. மஞ்சள்தூள் வேலை.

திறப்பு வழியாக மெதுவாகச் சொன்னேன். "சாப்புட்டுட்டுக் கைய நல்லாக் கழுவு, விமலா. மஞ்சள் ஒட்டுது."

மறுநாள் தடம் காலையிலேயே வந்தது. அந்த நேரத்தில் கேண்டீன்கூடத் திறந்திருக்காது. யார் கறி சாப்பிட்டிருப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கே நான் கழித்துவைத்த போர்டுகளின் தட்டை எடுக்க அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவளது வெள்ளை மேலங்கி ஊதாவாகப் பளிச்சென்றது. காலருக்கு மேலே, கழுத்தோரத்தில், ஒரு மெல்லிய கோடு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. புதுத் தாலிக் கயிறு. என் கண் போன இடத்தை அவள் பார்த்தாள். சட்டென்று கையால் பொத்தினாள். அந்த விரல்களும் மஞ்சளாகவே ஒளிர்ந்தன. பயம் வரும்போதெல்லாம் அது பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"யார்ட்டயும் சொல்லாதீங்க, அண்ணே. அக்காவுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. தங்கச்சி ஓடிப்போய்த் தாலி கட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா மாப்பிள்ள வீட்ல நிப்பாட்டிருவாங்க."

"யாரு அவரு?"

"லாரி ஓட்டுறாரு. தஞ்சோங் மாலிம்ல. நல்லவருதான்."

"சரி. நான் சொல்லல. போ."

வேறென்ன சொல்ல? அவள் போனபின் விளக்கை அணைத்தேன். நெஞ்சு வலித்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள். வலிக்கத்தான் செய்தது.

அதற்குள் சூப்பர்வைசர் மிஸ்டர் சான் கைக்கு மஞ்சள் தடம் பட்ட ஒரு போர்டு போய்விட்டது. திரைக்குள் வந்து அதை என் முன்னால் நீட்டி, "சியாப்பா புஞா கெர்ஜா?" என்றார், இது யார் வேலை என்று மலாயில். வெளியே தமிழ்ப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். காலை நேரத்தில் விமலாவின் விரலில் மஞ்சள் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், மற்றதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த பஸ்ஸில் செய்தி ஆயர் தாவார் போய்ச் சேர்ந்துவிடும். "சாயா" என்றேன். நான்தான், கறிக் கையோடு தொட்டுவிட்டேன் என்றேன். அதன்பின் ஒவ்வொரு இடைவேளையிலும் அவர் என் கையை முகர்ந்து பார்த்தார். பெண்கள் எனக்குக் 'கறி அண்ணே' என்று பேர் வைத்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு குரல் மட்டும் இல்லை என்பது எனக்குக் கேட்டது.

ஸ்டோரிலிருந்து ரப்பர் விரலுறை வாங்கித் திறப்பு வழியாகத் தள்ளினேன். முதலில் தடுமாறினாலும் அவள் பழகிக்கொண்டாள். மஞ்சள் தடம் நின்றுபோனது. முனைகள் சுத்தமாக, இருட்டாக வந்தன. என் வேலைக்கு அதுதான் சரி. ஆனால் அவள் விரல் பட்ட அடையாளம் எதுவும் இல்லாமல் வந்த அந்தத் தட்டுகளைப் பார்க்கப் பிடிக்கவே இல்லை.

அம்மாவிடம் வேண்டாம் என்றேன். "ஏன்டா, அந்தப் புள்ளைக்கு என்ன கொற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொறை ஒன்றும் இல்லை என்றேன். அதற்குமேல் அவரிடமும் சொல்ல முடியவில்லை. எடுத்து வைத்த சேலையை அம்மா வேறு யார் கல்யாணத்துக்கோ கட்டிக்கொண்டு போனார்.

தை மாதம் அக்கா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன்பின் விமலா கயிற்றை மேலங்கிக்கு வெளியே போட்டுக்கொண்டு ஒரே ஒரு வாரம் வேலைக்கு வந்தாள். கடைசி நாள் தட்டில் கல்யாண லட்டு வந்தது. "வாரேன் அண்ணே" என்றது குரல். "போய்ட்டு வா" என்றேன். வரவில்லை, அவள் ஏன் வரப்போகிறாள். அதற்குப் பிறகும் நான் வெகுகாலம் அந்த அறையில் இருந்தேன். யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அவளால்தான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நாள் போய்விட்டது, அவ்வளவுதான்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கிடங்கு. எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடுகள் வந்தன. அங்கே பால் வாடை தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

பழுது பார்க்கும் தம்பியின் சாவிக்கொத்தில் ஒரு குட்டி ஊதா டார்ச் தொங்கியது. கேஸ் கசிவதைக் கண்டுபிடிக்கவாம். கொஞ்சம் கொடு என்று வாங்கி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, புதிய போர்டின்மேல் அடித்தேன். ஓரம் முதல் ஓரம் வரை ஒரே நீலம். முனைகளைச் சுற்றி அடிக்கோல் வைத்து வெட்டியதுபோல் நேர்கோடு. இயந்திரம் தெளித்த பூச்சு. முனைகளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருட்டாகவே இருந்தன.

"என்னா அங்கிள், புதுசுலயே ரோசாக்கா?" என்றான் அவன்.

"பழுதெல்லாம் இல்லப்பா. யார் கையும் படல."