செருப்பைக் கழற்றிய ஓட்டக்காரன்

செல்வராணி மேடம் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், இதோ இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் துறைத்தலைவர்தான். போனில் அவருடைய குரல் தழுதழுத்தது. நாலு வார்த்தை உருக்கமாகப் பேசுங்கள் என்றார். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். உருக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

வரலாற்றுத் துறையில் பதினோரு வருடம் மேடமும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. விஸ்வநத்தத்துப் பட்டாசுத் தொழிலாளியின் மகள் ஸ்காட்லாந்து மக்களின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறாரே என்று நாங்கள் கிண்டல் செய்திருக்கிறோம். ரோமானியரை மதில் கட்ட வைத்த ஆதிகுடிகள் முதல், தனிநாடு வேண்டுமா என்று வாக்களித்த இன்றைய தலைமுறை வரை எட்டு நோட்டுகள். ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று குடிகளை வீட்டைவிட்டுத் துரத்திய கதையைச் சொல்லத் தொடங்கினால் டீ ஆறிப்போகும். "துரத்துனவன் வெளியாள் இல்ல சார், அவுக சொந்தத் தலைவன்தான்" என்பார்.

நோட்டுகளை முதலில் படித்தவன் நான். ஓரிடத்தில் சிரித்துவிட்டேன். போர் வந்தால் அங்கே பாதி எரிந்த மரச்சிலுவையை ஊர் ஊராகக் கொண்டு ஓடி ஆள் திரட்டுவார்கள். அந்த ஓட்டக்காரன் சிலுவையை வாங்குமுன் செருப்பைக் கழற்றி, இடுப்புக் கத்தியை எடுத்து வைத்துவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டான் என்று மேடம் எழுதியிருந்தார். இது ஸ்காட்லாந்தா, உங்கள் ஊர் மருந்து ரூமா என்று கேட்டேன். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் அவருடைய அம்மா முப்பது வருடம் அப்படித்தான் நுழைந்தார். செருப்பு உரசியோ, இரும்பு பட்டோ, செம்பைத் தொட்டு இறக்காத உடம்பு மின்சாரத்தாலோ ஒரு பொறி பறந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கம்மா உள்ள வந்துட்டாக சார்" என்று சொல்லி, அந்த வரிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ஆனால் அணிந்துரைக்காக ஒரு ஜெராக்ஸ் படி அதற்கு முந்தைய வாரமே தலைவரிடம் போயிருந்தது.

அணிந்துரை பற்றிப் பேசத் தலைவர் நாலைந்து ஞாயிறு மேடம் வீட்டுக்குப் போனார். நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டார். அடுத்த வருடம் அந்த நூல் தலைவர் பெயரில் வெளிவந்தது. மேடம் போய்க் கேட்டதற்கு, குறிப்புகள் எல்லோருக்கும் பொதுதானே என்றாராம்.

ஸ்காட்லாந்தில் கிளென்கோ என்ற பள்ளத்தாக்கில் விருந்தாளிகளாகத் தங்கிய சிப்பாய்கள், சோறு போட்டவர்களையே விடியுமுன் கொன்றார்கள். "வருசா வருசம் பாடமா நடத்துனேன் சார். எம் வீட்டுலயே நடக்கும்னு நெனைக்கல" என்றார் மேடம். அன்று நான் வாய் திறக்கவில்லை. என் பதவி உயர்வு தலைவரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதற்காக என்னையும் மன்னிக்க மாட்டேன், அவரையும் மன்னிக்க மாட்டேன்.

மேடத்தின் நினைவாக நான் வைத்துக்கொண்டது அந்தச் சிவப்பு வட்டமிட்ட தாள் ஒன்றைத்தான். இப்போது என் கையில் இருக்கிறது. தலைவர் அவர்களே, உங்கள் நூலில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலும் அதே வரிகள் அப்படியே இருக்கின்றன. அந்த ஓட்டக்காரன் ஏன் செருப்பைக் கழற்றினான் என்று இந்தச் சபைக்குச் சொல்லுங்கள். தெரியவில்லையென்றால், மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.