பன்னிரண்டு வரிச் சண்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாக் கிடக்கிறது. பத்திரிகையில் படம் அச்சிட, மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பள்ளத்துக்குள் தொப்பி போட்ட ஒருவரும் அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு சீக்கியரும் தெரிவார்கள். ‘ஷாங்காய் போர்முனையில் நம் ஆசிரியர்’ என்று போட்டு அடித்தோம். பள்ளம் ஈப்போவுக்கு வெளியே ஈயம் தோண்டியெடுத்துக் கைவிட்ட லம்பம். சீக்கியர் அடகுக்கடையைக் காவல் காக்கும் ஜாகா. படம் எடுத்த அன்று நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான்.

சீனாவில் சண்டை மூண்டு, வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே கப்பலேறிய சமயம் அது. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் வாரப் பத்திரிகை விற்காமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் ஷாங்காய் போவதாக அறிவித்துவிட்டு, அச்சகத்துப் பின்னறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே குடியேறினார். அங்கிருந்தே எழுதிய போர்ச் செய்தியில், ஆங்கிலப் பத்திரிகையில் வந்த தந்திச் செய்தி பாதி, சொந்தச் சரக்கு பாதி. தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணி அதை உரக்கப் படிக்க, லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். விற்பனை ஏறியது. எழுத்துக் கோக்கும் எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

தாப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கணவர் பட்டாளத்தோடு சமையல்காரராகப் போனவர். கடிதமே இல்லை. “உங்க ஆசிரியரு அங்கதான இருக்காரு? அவரப் பாத்தா ஒரு வரி போடச் சொல்லுங்கண்ணே” என்று, அனுப்பிவைக்க ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தாள். ஆசிரியருக்கு மனசு இளகிவிட்டது. அடுத்த இதழில், ‘தாப்பாப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் கையால் சாப்பிட்டேன், நலமாக இருக்கிறார்’ என்று எழுதினார். ஊறுகாயையும் அவரே தின்று தீர்த்தார்.

சில வாரம் கழித்து, கடைசிப் பக்கம் கோத்தபோது பன்னிரண்டு வரி குறைந்தது. குரல் கொடுத்தேன். அவர் பல் குத்திக்கொண்டே சொல்லச் சொல்ல நான் கோத்தேன்: பட்டாளத்துச் சமையற்கூடத்தில் குண்டு விழுந்தது, உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. சரியாகப் பன்னிரண்டு வரி. அளவு பொருந்திய சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை பகல் வண்டியில் அவள் வந்து நின்றாள். ஒரு கையில் பத்திரிகை சுருண்டிருந்தது. மறு கை தாலியை இறுகப் பிடித்திருந்தது. அழவில்லை.

“நாளைக்குக் காலையில இத எறக்கிப்புடணும்னு மாமியா சொல்லிருச்சுண்ணே. கிராணி படிச்சத லயமே கேட்டுச்சு. செத்தவங்கள்ல அவரு இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

ஆசிரியருக்குத் தந்தி அடித்துக் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னறையில் காகிதம் சரசரத்தது. அடுத்து ஓர் இருமல். அதை அடக்க அவர் படும் பாடு எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால் பத்திரிகை போகும், என் பிழைப்பும் போகும். சொல்லாவிட்டால் விடிந்ததும் தாலி போகும். மூன்று மணி வண்டிக்கு அவள் திரும்ப வேண்டும். எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

கைலியும் பனியனுமாக நின்றார் ஆசிரியர். படத்தில் பார்த்த முகம். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“நான் எங்கயும் போகலம்மா,” என்றார். “குண்டும் விழல. எல்லாம் நானா எழுதுனது.” அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அவள் கை தாலியை விட்டது. சிரிப்புக்கூட வரப் பார்த்தது. பிறகு அவருக்குப் பின்னால், ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்திருந்த தன் ஜாடியைப் பார்த்துவிட்டாள்.

“அப்ப, அவரு நல்லா இருக்காருன்னு எழுதுனீங்களே?”

ஜாடியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். அந்த மாதமே பத்திரிகை நின்றது. அவள் கணவர் திரும்பி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. விசாரித்துப் போக எனக்கு முகமில்லை.

இப்போது அந்த லம்பத்தில் தண்ணீர் நிறைந்து, ஆட்கள் தூண்டில் போடுகிறார்கள். பிளாக்கைப் பார்க்கிறவர்கள், இது எந்த ஊர்ச் சண்டை என்று கேட்பதுண்டு. ஈப்போ என்று சொல்லி, இழுப்பறையை மூடிவிடுகிறேன்.