லயத்துக்கு மேலே இருந்த சபை

எங்கள் சபையின் பின்சுவரில் கீறல் விழுந்திருப்பதை முதலில் பார்த்தவள் நான். சனிக்கிழமைதோறும் சபையைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. பெஞ்சை நகர்த்தியபோது, சன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு கோடு சாய்வாக இறங்கியிருப்பது தெரிந்தது. நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் உள்ளே போனது.

என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்தான் அந்தச் சபைக்குப் பாஸ்டர்.

"மழை ஈரந்தாம்மா. சிமெண்ட வச்சுப் பூசிட்டாச் சரியாப் போகும்" என்றார். அன்று மாலையே பூசினார். அடுத்த வாரம் நான் பெருக்கும்போது பூச்சு நடுவில் பிளந்திருந்தது.

நான் போடியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான பிறகுதான் போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டச் சரிவுக்குக் குடிபோனேன். ஹாலோ பிளாக் சுவர், தகரக் கூரை, பின்னால் எங்களுக்கு இரண்டு அறைகள். சபை என்பது அவ்வளவுதான். முன்பக்கம் மட்டும் கான்கிரீட்டில் ஒரு கோபுரம் எழுப்பியிருந்தோம். அதற்கான மணலை என் கணவரே ரோட்டிலிருந்து தலையில் சுமந்து இறக்கினார். சபைக்கு நேர் கீழே, தடுப்புச் சுவருக்கு அடியில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்தன. லயம் என்பார்கள். அங்கே குடியிருந்த யாரும் எங்கள் சபைக்கு வருகிறவர்கள் அல்ல. பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பானையிலிருந்து எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு முறுக்கு அங்கே போகும். மற்றபடி அவரவர் சோலியை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் ஆடி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு மேலே இருந்த தோட்டத்தில் புது ரோடு போடுவதற்காக ஜேசிபியை வைத்துச் சரிவை அறுத்திருந்தார்கள். மூட்டம் விலகுகிற நேரங்களில் அந்த இடம் செக்கச்செவேலென்று தெரியும். மழையில் அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தது. எங்கள் வாசல் கதவு நிலையோடு பொருந்தாமல் போனது. பூரான்கள் தரைக்கடியிலிருந்து கிளம்பி வந்து சுவரேறின. நான் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் லயத்து முதல் வீட்டு அக்கா குடத்தோடு மேலே ஏறி வந்தாள். தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிறவள்.

"பாஸ்டரம்மா, எங்க லயத்து ஊத்து நின்னுருச்சு, பாத்தீகளா?"

"இவ்வளவு மழையிலயாக்கா?"

"அதுதான் எனக்குச் சரியாப் படல. மொதல்ல செவப்பா வந்துச்சு. இப்ப சொட்டுத் தண்ணி இல்ல. வெளிய வரலைன்னா உள்ளுக்குள்ளதான நிக்கிது? உருள்பொட்டல் வந்துருமோன்னு பயமா இருக்கு."

மண் சரிவுக்கு அந்தப் பக்கத்தில் மலையாளச் சொல்தான். அதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அவளும் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"வேற எடத்துக்குப் போயிரலாம்லக்கா?"

"மேனேஜர்ட்டச் சொன்னோம். சீசன் முடியட்டும், பாப்போம்கிறாரு. சின்னஞ்சிறுசுகள வச்சுக்கிட்டு எங்கன போய் நிக்க?"

குடத்துக்கு எங்கள் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் போன பிறகு அந்தத் தொட்டியின் கனத்தை நினைத்துப் பார்த்தேன். அதுவும் தடுப்புச் சுவரின் ஓரத்தில்தான் நின்றது.

சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். உபவாச ஜெபக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுற்றுத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

"கூட்டத்த வேற எங்கயாச்சும் வச்சுக்கிருவோங்க. இங்க வேணாம்."

"ஒருதரம் பூட்டிட்டு எறங்குனோம்னா திரும்ப ஏற விடமாட்டாகம்மா. புதுசா சபை கட்ட இன்னிக்கு யாரு அனுமதி குடுப்பா? கர்த்தருக்குன்னு குடுத்த எடம் இது. பயந்துக்கிட்டு விட்டுட்டு ஓடுறதா?"

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு எடுப்பார். பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோடுகள் போடுவார். மேல் கோட்டில் கர்த்தர், அடுத்ததில் வீடு, அதற்கடுத்ததில் வேலை, ஊழியம் எல்லாம். 'வாய் சொல்ற வரிசையும் வாழ்க்க போற வரிசையும் ஒண்ணா இருக்கான்னு அடிக்கடி பாத்துக்கங்க' என்பார். நானும் அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்தவள்தான். இத்தனை வருடமாக அந்த வரிசையைச் சந்தேகப்பட்டதில்லை. அந்த மழையில்தான் எனக்கு உறுத்தியது. மேல் கோட்டில் கர்த்தர் என்று எழுதி, அந்த எழுத்தின் மேலேயே கட்டடத்தைத் தூக்கி வைத்துவிட்டோம். இப்போது இரண்டில் எது எது என்று எங்களுக்கே தெரியவில்லை.

"முதலிடம் கர்த்தருக்கா, கோபுரத்துக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அன்று ராத்திரி மேலே சரிவிலிருந்து அவ்வப்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது. வேர் அறுகிற மாதிரி. இருவரும் கேட்டோம், இருவரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

அதற்குப் பிறகு அக்காவின் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தார். மழையில் ஜீப்பு எதுவும் ஓடவில்லை. "எந்தச் சாமியா இருந்தா என்ன, ஐயாவ வந்து ஒரு வார்த்த வேண்டச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பினாள். என் கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது குடை கையில் மடங்கியே இருந்தது. தொப்பலாக நனைந்திருந்தார்.

"அவுக அடுப்படிச் சன்னல்லருந்து பாத்தேன்" என்றார். "நம்ம தடுப்புச் சுவரு வயிறு மாதிரி வெளிய தள்ளி நிக்கிது. தண்ணி போறதுக்கு விட்ட ஓட்டையில சொட்டுக்கூட வரல, கல்லு சந்துலருந்து கசியுது. அதுக்கு நேரா மேல நம்ம கோபுரம். அடுப்புக்கு நேரா மேல."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினார், துவட்டவில்லை.

"இத்தன வருசத்துல ஒருநாளாச்சும் நான் கீழருந்து நிமிந்து பாத்திருக்கேனா?"

அந்த ஈரத்தோடேயே வெளியே போய்க் கோபுரத்தின் அடியில் நின்றார்.

மறுநாள் அவர் தோட்டத்து மேனேஜர் வீட்டு வாசலில் போய் நின்றார். காய் உலர்த்துகிற ஸ்டோரின் மேல்தளத்தை லயத்துக் குடும்பங்களுக்குத் திறந்துவிடும்வரை நகரவில்லை. எங்கள் சபையில் ஜீப்பு ஓட்டுகிற அண்ணன் ஒருவர் உண்டு. மழை சற்று விட்ட நேரத்தில் அவர்தான் மூட்டை முடிச்சுகளையும் காய்ச்சல்காரரையும் ஏற்றிக் கொண்டுபோனார். ஆனால் மழை வெறித்தால் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு வீடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் என் கணவர் வேதாகமத்தை மூடி வைத்தார்.

"இன்னிக்குப் பிரசங்கம் கெடையாது. கோபுரத்த எறக்கப் போறோம். சுவரையுந்தான். ஆள் வேணும்."

சபையின் மூத்தவர் ஒருவர், கட்டடத்துக்கு வாசல் நிலை வாங்கிக் கொடுத்தவர், எழுந்தார்.

"ஆலயத்த நம்ம கையாலயே இடிக்கிறதா ஐயா? இது விசுவாசக் கொறச்சல். கர்த்தர் காப்பாத்த மாட்டாரா?"

"விழுந்தா நம்ம மேல விழுகாதுண்ணே. அவுக மேல விழும். அது தெரிஞ்சும் உள்ள ஒக்காந்து பாடுறதுக்குப் பேரு விசுவாசமா?"

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பாதிப்பேர் அவர் பின்னால் போனார்கள். அவர்களில் பலர் பிறகு திரும்பவே இல்லை.

மிச்சமிருந்தவர்கள் அன்றே தொடங்கினோம். முதலில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். பிறகு கூரைத் தகரம், பெஞ்சு, பிளாக் கற்கள். கையிலிருந்து கைக்கு மாற்றி ரோட்டுக்கு ஏற்றினோம். அடுத்தடுத்த நாட்களில் லயத்து ஆண்களும் வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் காலடியில் மண் லேசாக நடுங்கியது.

"சம்மட்டி வேணாம், கொஞ்சங் கொஞ்சமா அறுத்து எடுங்க" என்று ஜீப்பு அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார்.

என் கணவர் கோபுரத்தின் மேல் இருந்தார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை நானும் இன்னொரு பெண்ணும் பிடித்திருந்தோம். பாதிக் கோபுரம் இறங்கியபோது தரைக்கடியில் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் நின்ற இடத்தில் நின்றோம். எங்களுக்கும் சபைத் தரைக்கும் நடுவே ஒரு கோடு ஓடியது. என் கண்ணெதிரே அது விரிந்தது.

"எறங்குங்க! வெரசா!" என்று நான் கத்தினேன்.

அவர் இறங்கினார். கோபுரத்தின் அடிப்பாகம் அப்படியே நின்றது. அதை எடுக்க யாரும் போகவில்லை, அவரும் யாரையும் விடவில்லை.

அன்று சாயங்காலமே நாங்கள் போடியில் என் அப்பா வீட்டுக்கு இறங்கிவிட்டோம். அந்த வாரத்துக்குள் ஒரு காலை வேளையில் சரிவு வந்தது. பெரிய லோடு லாரி ஏற்றத்தில் திணறுகிற மாதிரி சத்தம் கேட்டதாக ஸ்டோரில் இருந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் இரண்டு அறைகளும் சபைத் தரையும் போய்விட்டன. லயத்து அடுப்படிகளைச் சேறு கூரைவரை அடைத்தது. முன்னறைகள் நின்றன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கோபுரம் முழுதாக இருந்திருந்தால் முன்னறைகளும் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. 'போயிருக்கும்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போடியில் ஒரு பெரிய கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொல்ல வரச்சொல்லி என் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

"சரிவே வராம இருந்திருந்தாலும் நாம செஞ்சது செஞ்சதுதான். வந்ததுனாலதான் சரின்னு எப்பிடிச் சொல்றது?" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இப்போதும் போடியில் என் அப்பா வீட்டில்தான் இருக்கிறோம். எங்களுக்குச் சபைக் கட்டடம் இல்லை. அனுமதி கேட்டு அலைந்தோம், கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் மலையேறிப்போய், ஜீப்பு அண்ணன் வீட்டு முற்றத்தில் கூடுகிறோம். சில வாரம் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான். என் கணவர் இப்போதும் பலகையில் கோடு போடுகிறார். ஆனால் மேல் கோட்டை எழுதிவிட்டு, முன்பு போல உடனே அடுத்ததற்குப் போவதில்லை. சாக்பீஸோடு சற்று நேரம் நிற்கிறார்.

லயத்துக்கு மறுபடி ஆட்கள் வந்துவிட்டார்கள். தோட்டத்துக்காரர்கள் அடுப்படிக்குப் புதுச் சுவர் எழுப்பி, வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ரோட்டு வேலை நிற்கவில்லை. இப்போது இன்னும் அகலமாக அறுக்கிறார்கள்.

போன வாரம் அந்த அக்காவைப் பார்த்தேன். காய்ச் சாக்கை இடுப்பில் கட்டியபடி நின்று பேசினாள்.

"வர்ற மழைக்கு எங்க போறது பாஸ்டரம்மா? இந்தத் தடவ ஸ்டோரும் கெடையாதுன்னுட்டாக."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். "போடிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரும் வாங்க."

எங்கள் வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம் என்று எனக்குத் தெரியும். லயத்தில் எத்தனை பேர் என்றும் தெரியும். போடிக்கு வந்ததும் கடைத்தெருவில் பாய்கள் வாங்கினோம். நேற்றிலிருந்து மேற்கே மலை தெரியவில்லை, அங்கே கருத்துக்கொண்டு வருகிறது. லயத்து ஆட்களை இறக்கிக்கொண்டு வர ஜீப்பு அண்ணனைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.