மணிக்கூண்டு நிற்கிறது

தெருவில் அவரை ‘நடுநிலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்புக்குத் தபால் அலுவலக எழுத்தர். மற்றபடி இணையக் கலைக்களஞ்சியத்தின் காவல்தெய்வம். ஊர் மணிக்கூண்டைப் பற்றிய கட்டுரையில் யாரோ ‘அழகிய’ என்று எழுத, ‘நடுநிலை இல்லை’ என்று அதை நாற்பது முறை நீக்கி அந்த ஆளை மண்ணைக் கவ்வ வைத்தவர்.

போன வாரம் அந்த மணிக்கூண்டை இடித்தே விட்டார்கள், இவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே. ‘இடிக்கப்பட்டது’ என்று யாரோ கட்டுரையில் சேர்த்தார்கள். இவர் கணினி மேல் படிந்த புழுதியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, ‘ஆதாரம் இல்லை’ என்று நீக்கினார்.

“ஜன்னல் வழியா எட்டிப் பாருங்களேன். நம்ம கண்ணு முன்னாடிதானே இடிச்சாங்க?” என்றாள் மனைவி.

“நம்ம கண்ணெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. பேப்பர்ல வரணும்.”

பேப்பரில் வந்தது: மணிக்கூண்டு அடுத்த மாதம் இடிக்கப்படுமாம். நிருபர் பழைய செய்தியையே திருப்பிப் போட்டிருந்தார். நடுநிலைக்குக் கால் தரையில் பாவவில்லை.

திருத்த உட்கார்ந்தார். மறைக்க மணிக்கூண்டு இல்லாததால் சாயங்கால வெயில் நேராகத் திரையில் அடித்தது; ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, செய்தியை ஆதாரமாகக் காட்டி, ‘மணிக்கூண்டு நிற்கிறது’ என்று தட்டினார்.