கடித்ததா, வெட்டியதா

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நான் மூன்று மாதம் வேலை செய்தேன். காட்டைக் கணக்கெடுக்க வந்த குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களமும் தமிழும் தெரியும் என்பதால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களோடு பேசுவதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

காட்டுக்குள் கயிறு கட்டிச் சதுரம் பிடிப்பார்கள். அதற்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் நாடாவால் சுற்றி அளப்பார்கள். பிறகு குனிந்து மரக்கன்றுகளை எண்ணுவார்கள். இப்படிப் பல சதுரங்களைப் பார்த்துத்தான் முழு மலைக்கும் கணக்குப் போடுவார்களாம்: எவ்வளவு மரம் எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று. ஒரு சதுரம் ஒரு மலைக்காகப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஓடைக்கரைச் சதுரத்தில் பெரிய மரங்கள் நிறைய நின்றன. கன்றுதான் அபூர்வம். இருந்தவையும் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தன. குழுவுக்குப் பொறுப்பான அம்மா சிங்களத்தில் சொன்னார், “விறகுக்கு வெட்டியிருப்பார்கள்.”

அந்த நேரம் பார்த்து விறகுக் கட்டோடு ஒரு கொழுந்து பறிக்கும் அக்கா இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

“பயப்படாதீங்க அக்கா. கன்னுகள யாரு வெட்டுனதுன்னு கேக்குறாங்க, அவ்வளவுதான்.”

அக்கா உட்கார்ந்து முறிந்த தண்டு ஒன்றைத் தடவிப் பார்த்தார். “இது வெட்டுனது இல்ல தங்கச்சி. மரைமான் கடிச்சது. கத்தின்னா சாய்வா, வழுவழுன்னு இருக்கும். இது பிஞ்சு நாரா தொங்குது பாருங்க.”

நான் சொன்னதும் அந்த அம்மாவும் மண்டியிட்டார். மூவரும் தண்டு தண்டாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்தோம். எல்லாம் நார் நாராகத்தான் இருந்தன. ஓரத்தில் நான்கு மட்டும் சாய்வாக, வழுவழுப்பாக.

“அது நாந்தான். அவரைக்குப் பந்தல் போடக் கம்பு எடுத்தேன்.”

மொழிபெயர்க்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அக்கா என் முகத்தையே பார்த்தார். “சொல்லுங்க தங்கச்சி. பாதிய மறைச்சா மீதியையும் நம்ப மாட்டாங்க.”

சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். தாளில் ‘வெட்டியது: நான்கு’ என்றும், அதன் கீழே ‘கடித்தது’ என்று ஒரு புதிய வரியும் எழுதினார். விறகுக் கட்டைத் தங்கள் தராசில் தொங்கவிட்டு, அது எத்தனை நாள் அடுப்புக்குக் காணும் என்று கேட்டார். “விறகையுமா நிறுப்பாங்க!” என்று அக்காவுக்கு ஆச்சரியம். மழை நாள் என்றால் இரண்டு நாளைக்குத்தான் என்றார்.

அக்கா சொன்னதைச் சோதித்துப் பார்க்க, பக்கத்திலேயே ஒரு சிறு துண்டு நிலத்துக்கு, மரை நுழையாதபடி கம்பிவேலி போட்டார்கள். அடுத்த வருஷம் கூப்பிட்டார்கள் என்று நானும் அக்காவும் ஏறினோம். வெளியே பழையபடி முறிந்த தண்டுகள். வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள்.

“எத்தன இருக்கு?” அக்காவுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். எண்ணிக்கொண்டே போனோம். மூலையில் சிவப்புத் தளிரோடு ஒரு செடி நின்றது. அக்காவுக்கும் பெயர் தெரியவில்லை, அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. ஓர் இலையைக் கிள்ளிப் பழைய பத்திரிகைக்குள் வைத்து, பெயர் தெரிந்தவர்களிடம் காட்ட எடுத்துப் போனார்கள்.