கடுக்காய் மையில் ஒரு முகம்

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறவன் நான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்; எதற்கும் ஒரு காரணம் இருக்கும், நமக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்றாகிவிடாது என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லியே பழகிய வாய் இது. அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை.

என் மனைவி ரோசலின் ஓவியம் வரைவாள். வேண்டிய எதையும் கடையில் வாங்கமாட்டாள், தானே செய்துகொள்வாள். பிளம்பர் விட்டுப்போன பிவிசி குழாய்களை அறுத்து ஒரு நாற்காலி செய்தாள். காலண்டர் அட்டைகளை ஒட்டி வரைபலகை செய்தாள். நாணலைச் சீவிப் பேனா. மையும் எங்கள் அடுப்பில்தான் தயாராகும். கடுக்காயைக் கொதிக்கவைத்துத் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவிடுவாள். அந்த மை வரையும்போது வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்ட பிறகே மெல்லக் கறுக்கும். அதன் வேதியியலை நான் விளக்கப்போனால், "அது தெரியாமயே நல்லாத்தான் வருது, விடுங்க" என்பாள்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூருக்குப் போய்விடுவாள். மஞ்சக்குப்பத்தில் நிசார் என்பவரின் பிளக்ஸ் கடை மாடியில் சிலர் கூடி வரைவார்கள். ஒருவர் நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் அவரை வரையவேண்டும். முடிந்ததும் தாள்களைக் கவிழ்த்துக் கலைத்துப்போட்டு, ஒன்றாகத் திருப்பிப் பார்ப்பார்கள். யாரும் கையெழுத்திடக் கூடாது, எவ்வளவு மோசமாக வந்திருந்தாலும் தன் தாளை மறைக்கக் கூடாது. நிசார் போட்ட சட்டம்.

மாலையில் அவள் திரும்பும்போது முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சமிருக்கும், எங்கள் வீட்டில் தொடங்காத சிரிப்பு. அவள் தாள்களில் நிசாரின் முகம் திரும்பத் திரும்ப வந்தது, கண்ணாடியோடு, கண்ணாடி இல்லாமல், டீ குடித்தபடி. என் முகம் ஒன்றில்கூட இல்லை. ஒருமுறை கேட்டேன்.

"உங்க மொகம் எனக்கு மனப்பாடம். அத எதுக்கு வரையணும்?" என்றாள். அது அன்பா சலிப்பா என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்போது கேட்க அவள் இல்லை.

அவளை அடக்கம் செய்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல் நானே கடலூருக்குப் போனேன். அவள் செய்த நாற்காலி அந்த மாடியில் கிடந்தது. அது அங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, எடுத்துப்போகிறேன் என்றேன்.

"நிசார் மாமா, சார் இதத் தூக்கிட்டுப் போயிட்டா மாடல் எல்லாம் தரையிலதான்" என்றாள் வரைய வந்திருந்த அமலா என்ற பெண்.

"அது அக்காவோடது. அவுங்க வீட்டுக்குப் போறதுதான் மொற" என்றார் நிசார். அக்கா என்ற அந்தச் சொல் எனக்கு ஆறுதல் தந்திருக்கவேண்டும், தரவில்லை. "ஒரு வாட்டி ஒக்காருங்க, சார். எங்க வீட்டுக்காரரு சேந்தாப்ல ரெண்டு நிமிஷம் ஒக்கார மாட்டாருன்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

என்னைப் பற்றியும் இங்கே சிரித்திருக்கிறார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மூச்சு விடலாம், சார். மீசைய மட்டும் ஆட்டாதீங்க" என்றாள் அமலா.

ஐந்து பேர் வரைந்தார்கள். நான் நிசாரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் பென்சில். தேவைக்கு ஜாஸ்தியாகவே நிமிர்ந்து பார்த்தார், ஆனால் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

தரையிலிருந்த தாள்களும் ஐந்து, ஆகவே யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான்கைத் திருப்பினார்கள்; நான்கிலும் என் மீசை. ஐந்தாவதில் நான் இல்லை, நிசார் இருந்தார்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கோடுகள் வெளிறிய பழுப்பாக இருந்தன, நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துக்கொண்டு வந்தன. காதருகே ஒரு மைத்துளி. ரோசலின் எந்த முகத்தையும் காதிலிருந்துதான் தொடங்குவாள், முதல் துளி எப்போதும் அங்கே கனத்து விழும். அவளுடைய கடைசி மைப்புட்டி சிதம்பரத்தில் என் புத்தக அலமாரிக்குள், பூட்டி இருந்தது. இன்னொன்றும் உண்டு. படத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு முழங்கால்களும் அவற்றின்மேல் என் கைகளும் அரைகுறையாகத் தெரிந்தன. அதாவது, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வரையப்பட்ட படம் அது.

"ஒங்க பேப்பர் எங்க, மாமா?" என்றாள் அமலா.

அப்போதுதான் கவனித்தோம், நிசார் தன் தாளை வைக்கவே இல்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்திருந்தார்.

"இன்னிக்கி சரியா வரல."

"சட்டம் போட்டதே நீங்கதான! எடுங்க!"

அவர் எடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. காலியாக நின்ற நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மைப்படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகக் கறுத்துவிட்டது. அதில் நிசார் பல் தெரியச் சிரிக்கிறார், எதிரே இருப்பவரைப் பார்த்து. அந்தப் பிற்பகல் முழுவதும் எதிரே இருந்தவன் நான்.

ஒரு மாதம் பொறுத்து அவருக்குப் போன் செய்தேன். அன்று யாரை வரைந்தீர்கள் என்று கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீங்க, சார்" என்றார். அந்தத் தாளை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

ரோசலினைக் கடைசியாகப் பார்த்தவன் நான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.